மெதனோல் கூடிவிட்டதா, கருவி பிசகிவிட்டதா? கள்ளும் சாராயமும் ஜீ.சி.யில் போடும்போது வரும் கோளாறுகள்

ஒரு தவறணைக் கள்ளில் "மெதனோல் அதிகம்" என்று அறிக்கையில் எழுதிவிட்டால், பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. அந்தச் செய்தி கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து மாங்குளம் போய்ச்சேர அரைநாள் போதும். கள் இறக்குகிறவரின் முட்டியைப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே விசித்திரமான எண் வந்தால் முதலில் கருவியை விசாரியுங்கள், அப்புறம் மாதிரியை. கள்ளைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

ஜீ.சி. (வாயு நிறப்பகுப்பு) என்பது மாதிரியை ஆவியாக்கி, ஓவனுக்குள் இருக்கும் கொலம் என்ற நீண்ட மெல்லிய குழாய் வழியாக அனுப்பிப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி; ஒவ்வொரு பொருளும் திரையில் ஒரு மேடாக, அதாவது பீக்காக, வரும். இங்கே மனதில் வைத்திருப்பது சாதாரண அமைப்பு: வாக்ஸ் வகைக் கொலம் (மெழுகுபோன்ற உள்படை பூசியது), எஃப்.ஐ.டி. உணரி (பொருளை ஐதரசன் சுவாலையில் எரித்து உணர்வது), ஸ்பிளிற் முறையில் செலுத்துதல் (செலுத்தியதில் ஒரு பங்கை மட்டும் கொலத்துக்குள் விடுவது), அக நியமமாக (எல்லா மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளாக) 4-மெதைல்-2-பென்ரனோல் அல்லது பென்ரன்-3-ஓல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2870/2000 இலக்க ஒழுங்குவிதியில் உள்ள முறையும் ஏறத்தாழ இதுதான். அளப்பவை: அசற்றல்டிகைட்டு, எதைல் அசற்றேற்று, அசற்றால், மெதனோல், 1-புரொப்பனோல், ஐசோபியூற்றனோல், ஐசோஅமைல் அற்ககோல்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் மூன்று குப்பிகளை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒன்று வெறும் எதனோல்-நீர்க் கலவை. இரண்டாவது நியமக் கலவை, அதாவது அளக்கும் பொருள்களைத் தெரிந்த அளவில் சேர்த்தது. மூன்றாவது, முன்பு நல்ல எண் தந்த பழைய மாதிரி ஒன்று, குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தது. இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் கருவியில் பிழையில்லை, புது மாதிரியைப் பாருங்கள். நியமமே பிசகினால் மாதிரியைத் தொடவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லைனரையும் (செலுத்துமிடத்துக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) செப்டத்தையும் (ஊசி குத்தி நுழையும் இரப்பர் மூடி) சிரிஞ்சையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் கோளாறு போய்விடும், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்.

பீக் ஒன்றுமே இல்லை

சுவாலை எரிகிறதா என்று பாருங்கள். உணரியின் வாயில் குளிர்ந்த பளபளப்பான ஸ்பனரைப் பிடித்தால் ஆவி படிய வேண்டும். படியாவிட்டால் எரியவில்லை. ஐதரசன் நிமிடத்துக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர், காற்று 300 முதல் 400. ஒன்றுக்குப் பத்து என்ற விகிதம் பிசகினால் பற்றாது. உணரியின் வெப்பநிலை குறைவாக இருந்தாலும் உள்ளே நீர் ஒடுங்கி அணைந்துவிடும். 250 பாகைக்கு ஏற்றிவிட்டு மூட்டுங்கள்.

எரிகிறது, ஆனாலும் பீக் இல்லையென்றால் சிரிஞ்ச். கள்ளிலும் நிறமூட்டிய சாராயத்திலும் சர்க்கரை இருக்கும், ஊசிக்குள் காய்ந்து இறுகிவிடும். ஊசியை எதனோலில் முக்கி இழுத்துப் பாருங்கள். அதற்கும் பிறகு கொலத்தின் நுனி பெரூலுக்குள் (கொலத்தை இறுக்கிப் பொருத்தும் வளையம்) உடைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கொலத்தைக் கழற்றுவதற்கு முன் ஐதரசனை மூடுங்கள். பூட்டாத உணரி வழியாக ஐதரசன் ஓவனுக்குள் நிரம்பினால் வெடிக்கும். இதில் விளையாட்டில்லை.

ஐதரசன் உற்பத்திக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதற்குக் கிணற்று நீரோ குழாய் நீரோ கூடாது. நம்முடைய நிலத்தடி நீர் கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு விடும் நீர். அயனகற்றிய நீர் இல்லாவிட்டால் அன்றைக்குக் கருவியை ஓட்டாமல் விடுவதே மலிவு.

கள்ளில் மெதனோல் எதிர்பாராத அளவுக்கு வருகிறது

இதுதான் முக்கியமான பகுதி, ஆறுதலாக வாசியுங்கள்.

மெதனோல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பழங்களில் உள்ள பெக்ரினை நொதியங்கள் உடைக்கும்போது அது உண்டாகிறது. அதனால்தான் பழச் சாராயங்களில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பனம்பாளையில் வடிவது சர்க்கரைச் சாறு, அதில் பெக்ரின் மிகக் குறைவு. ஆகவே நல்ல கள்ளில் சிறிய அளவே வரவேண்டும். மறுபக்கம், ஆட்களைக் கொன்ற கலப்படச் சாராயங்களில் இருப்பது யாரோ ஊற்றிய தொழிற்சாலை மெதனோல். அது சதவீதக் கணக்கில் இருக்கும், பீக் எதனோலுக்குப் பக்கத்தில் மலைபோல் நிற்கும். உங்களைக் குழப்புவது இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் அரைகுறை எண்தான். அது பெரும்பாலும் கள்ளில் இருந்து வந்ததாக இராது.

முதல் சந்தேகம் உங்கள் எதனோல். நியமம் தயாரிக்க எடுத்த எதனோலை நீரில் கலந்து தனியாக ஓட்டுங்கள். மலிவான ஸ்பிரிற்றில் குடிக்கக்கூடாது என்பதற்காகவே மெதனோல் சேர்த்திருப்பார்கள். அதை வைத்து நியமக் கோடு (பீக்கை அளவாக மாற்ற நியமங்களில் இருந்து வரையும் கோடு) வரைந்தால் கோடே சரிந்துவிடும். பக்கத்து மேசையில் எச்.பி.எல்.சி. (திரவத்தின் வழியே பொருள்களைப் பிரிக்கும் இன்னொரு கருவி) ஓடும் ஆய்வுகூடமென்றால் கழுவும் போத்தலில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். எச்.பி.எல்.சி.க்காரர்கள் எல்லாவற்றையும் மெதனோலால்தான் கழுவுவார்கள்.

இரண்டாவது சந்தேகம், அது மெதனோல்தானா என்பது. வாக்ஸ் கொலத்தில் எதைல் அசற்றேற்று, அசற்றால், மெதனோல் மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டியே வெளியே வரும். வெயிலில் புளித்த கள்ளில் அசற்றிக் அமிலம் ஏறும், அதோடு எதைல் அசற்றேற்றும் ஏறும். அந்தப் பீக் பருத்து மெதனோலின் இடத்தைத் தொட்டுவிட்டால் மென்பொருள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். மென்பொருள் போட்ட கோட்டை அப்படியே நம்பாதீர்கள். திரையைப் பெரிதாக்கி, அடிக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள்.

பிரிப்பதற்கு ஓவனின் தொடக்க வெப்பநிலையைக் குறைக்க வேண்டும். 40 பாகையில் ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு மெதுவாக ஏற்றினால் நன்றாகப் பிரியும். ஆனால் சித்திரை மாதத்து மதியத்தில் குளிரூட்டி இல்லாத அறையே 34 பாகையில் நிற்கும். ஓவனால் அறையைவிடச் சில பாகைகள் மேலேதான் நிலையாக நிற்க முடியும். "ரெடி" விளக்கு வராமல் அரைமணி நேரம் தவமிருப்பதற்கு இதுதான் காரணம். இந்த மாதிரிகளைக் காலையில் ஓட்டுங்கள், அல்லது அறைக்குக் குளிரூட்டி கேளுங்கள். முதலாவது நடக்கும்.

மூன்றாவது, உறுதிப்படுத்தல். அதே மாதிரியில் தெரிந்த அளவு மெதனோலைச் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். பீக் அதே இடத்தில் அதே வடிவத்தில் உயர்ந்தால் நல்லது. தோளில் இன்னொரு மேடு முளைத்தால், முதலில் இருந்தது வேறு பொருள். முடிந்தால் உள்படை வேறான 624 வகைக் கொலத்திலும் ஓட்டிப் பாருங்கள். அதில் மெதனோல் எதனோலுக்கு முன்னேயே வந்துவிடும், எதைல் அசற்றேற்று எதனோலுக்குப் பின்னால் தள்ளிப்போய்விடும். இரண்டு கொலங்களும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் பேனாவைத் திறக்கலாம். ஒரு கொலத்தின் சாட்சியத்தில் கள்ளுக்காரரைக் குற்றவாளி ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அசற்றல்டிகைட்டு ஓட்டத்துக்கு ஓட்டம் துள்ளுகிறது

அதன் கொதிநிலை 20.2 பாகை. வன்னியில் அது மார்கழி விடியற்காலையில்கூடத் திரவமாக நிற்க விரும்பாத பொருள். திறந்த போத்தலில் இருந்து பிப்பெற்றால் எடுத்தால் எடுக்கும்போதே பாதி போய்விடும். நியமத்தை இப்படித் தயாரிக்கலாம்: கலவையை மூடிய குடுவையில் ஐஸில் வைத்து, நிறுத்து, குளிர்ந்த சிரிஞ்சால் திரவத்துக்கு அடியில் செலுத்தி, உடனே மூடி மறுபடி நிறுங்கள். நிறை வித்தியாசம்தான் உண்மையான அளவு. பழைய போத்தலை நம்பவும் வேண்டாம். அது காற்றோடு சேர்ந்து அசற்றிக் அமிலமாகும், தன்னோடு தான் சேர்ந்தும் வேறு பொருளாகும்.

எதனோலோடு சேர்ந்து அசற்றாலாகவும் மாறும் என்பதால், அசற்றல்டிகைட்டு குறைந்து அசற்றால் கூடியிருந்தால் பதறவேண்டியதில்லை. அசற்றாலின் அளவை 0.373 ஆல் பெருக்கி அசற்றல்டிகைட்டோடு கூட்டுங்கள் (மூலக்கூற்றுத் திணிவு 44க்கும் 118க்கும் உள்ள விகிதம்தான் அந்த எண்). கூட்டுத்தொகை நிலையாக இருந்தால் பொருள் எங்கும் போகவில்லை.

குப்பி மூடியை ஊசி ஒருமுறை குத்தினால் ஓட்டை விழுந்துவிட்டது. வெப்பமான தட்டில் வரிசையில் காத்திருக்கும் குப்பியைத் திரும்பக் குத்தி எடுக்கும் எண் எப்போதும் குறைவாகவே வரும். மறு ஓட்டத்துக்குப் புதுக் குப்பி போடுங்கள்.

கள் என்றால் பிரச்சினை ஆய்வுகூடத்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. முட்டியில் இருந்து இறக்கிய கள் போத்தலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும். புதுக்குடியிருப்பில் காலையில் வாங்கி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் கொண்டுவந்து, பின்னேரம் அளந்தால் அளப்பது காலைக் கள்ளை இல்லை. ஐஸ்பெட்டியில் வையுங்கள், போத்தலை விளிம்புவரை நிரப்புங்கள், இறக்கிய நேரத்தையும் அளந்த நேரத்தையும் எழுதுங்கள். குளிரில் நொதித்தல் மெதுவாகும், முற்றாக நிற்காது. ஆகவே வாயு வெளியேற இடம் விடாமல் இறுக்கி மூடிய கண்ணாடிப் போத்தலை வெளியில் எடுத்து வைக்காதீர்கள், வெடிக்கும். காய்ச்சி வடிப்பதாக இருந்தால் ஏற்கும் குடுவை ஐஸில் இருக்கவேண்டும், குழாயின் நுனி கொஞ்சம் குளிர்நீருக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். முதல் துளிகளோடு வருவது அசற்றல்டிகைட்டுத்தான்.

ஒரே குப்பி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு எண்

பீக் பரப்பைப் பார்க்காதீர்கள், அக நியமத்தோடு உள்ள விகிதத்தைப் பாருங்கள். பரப்பெல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, விகிதம் மாறாமல் இருந்தால் செலுத்தும் அளவு மட்டும்தான் ஆடுகிறது. அக நியமம் போடுவதே இதற்காகத்தான். கவலை வேண்டாம்.

விகிதமே மாறினால் கோளாறு செலுத்துமிடத்தில். இங்கே பலர் மறப்பது நீரின் குணம். ஒரு மைக்ரோலீற்றர் நீர் 250 பாகையில், கொலத்தின் தலையில் உள்ள வழக்கமான அழுத்தத்தில் ஆவியானால் ஏறத்தாழ 1,400 மைக்ரோலீற்றர் ஆகிவிடும். அதே அளவு எதனோல் 450க்குள் நிற்கும். 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள லைனருக்குள் கொள்ளும் இடம் ஆயிரத்துக்கும் குறைவு. மிச்சம் மேலே பொங்கி செப்டத்துக்கும் வாயுக் குழாய்க்கும் போய் ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஓட்டத்தில் திரும்பி வரும். 5 சதவீதக் கள்ளு என்பது கிட்டத்தட்ட முழுக்க நீர். ஆகவே சாராயத்தில் சரியாக ஓடிய ஒரு மைக்ரோலீற்றர் கள்ளு வடிநீரில் குழப்பும். அரை மைக்ரோலீற்றருக்குக் குறையுங்கள், ஸ்பிளிற் விகிதத்தைக் கூட்டுங்கள்.

அதே காரணத்தால் கள்ளுக்கும் சாராயத்துக்கும் ஒரே நியமக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள். நியமத்தின் எதனோல் சதவீதம் மாதிரியின் சதவீதத்துக்கு அருகில் இருக்கவேண்டும்.

செப்டம் எத்தனை குத்துத் தாங்கும் என்று கேட்பார்கள். எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வாரத்தின் முதல் நாள் மாற்றிவிடுவது நல்லது. லைனரையும் அதே நாளில் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறமென்றால் சர்க்கரை கருகியிருக்கிறது.

இன்னொன்று: அக நியமமாகப் போட்ட பொருள் மாதிரியிலேயே இருந்தால் எல்லா எண்ணும் பொய்யாகும். 2-பியூற்றனோல், 1-பியூற்றனோல் இரண்டும் பற்றீரியாக்கள் புகுந்த சரக்கில் தாமாகவே உண்டாகக்கூடியவை. புதுவகை மாதிரி வந்தால் அக நியமம் போடாமல் ஒருமுறை ஓட்டி, அந்த இடம் வெறுமையா என்று உறுதிசெய்யுங்கள்.

தயாரிப்பிலும் பிசகு வரும். அளவுக் குடுவைகள் 20 பாகைக்கு அளவிட்டவை. 32 பாகை அறையில் 40 சதவீதக் கலவையை நிரப்பினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குறைவாகவே எடுத்திருப்பீர்கள். நிறுத்துத் தயாரித்தால் இந்தத் தொல்லை இல்லை.

தங்கும் நேரம் நகருகிறது

தங்கும் நேரம் என்பது ஒரு பொருள் கொலத்தைக் கடந்துவர எடுக்கும் நேரம். எல்லாப் பீக்கும் பின்னுக்குப் போனால் காவி வாயு (மாதிரியைக் கொலம் வழியாகச் சுமந்து செல்லும் வாயு) குறைகிறது: செப்டம் கசிவு, பெரூல் தளர்வு, அல்லது சிலிண்டர் முடியப்போகிறது. காவி வாயுவான ஈலியம் ஏ9 வீதியால் வந்து சேரவேண்டிய பொருள், தாமதமாகும் என்பது தெரிந்ததே. அவசரத்துக்கு நைதரசனுக்கு மாறுகிறவர்கள் ஓட்ட வேகத்தைக் குறைக்கவேண்டும். நைதரசன் செக்கனுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வேகத்தில்தான் நன்றாகப் பிரிக்கும், ஐதரசன் 40 வரை தாங்கும். வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் நீளும், பழைய நேர அட்டவணை செல்லாது. நியமத்தைத் திரும்ப ஓட்டிப் பெயர்களைப் புதிதாக இடுங்கள். இல்லாவிட்டால் எதைல் அசற்றேற்றுக்கு மென்பொருள் மெதனோல் என்று பெயர் வைத்துவிடும். மேலே சொன்ன கதையெல்லாம் இப்படியும் தொடங்கலாம்.

முன்வரும் பீக்குகள் இடத்தில் நிற்க, பின்வருபவை மட்டும் தாமதித்தால் ஓவனைப் பாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ற்றில் இருந்து இறங்கும் மாலை நேரங்களில் ஓவனால் சொன்ன வேகத்தில் சூடேற முடியாது. ஏற்றும் வேகத்தைக் குறைத்து எழுதிவிட்டால் பகலிலும் இரவிலும் ஒரே நேரம் வரும்.

மின்வெட்டு வாக்ஸ் கொலத்துக்கு எமன். சூடான கொலத்தில் காவி வாயு நின்று காற்றுப் புகுந்தால் ஒட்சிசன் உள்படையைத் தின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் முதலில் வாயு ஓடட்டும், பதினைந்து நிமிடம் குளிரிலேயே விடுங்கள், அதற்குப் பிறகு ஓவன். தானாகச் சூடாகத் தொடங்கும்படி கருவியில் அமைத்திருந்தால் அதை மாற்றிவையுங்கள். ஓவன் இழுக்கும் மின்சாரத்துக்குச் சாதாரண யூ.பி.எஸ். காணாது.

செலுத்தாத பீக் வருகிறது

ஊசி போடாமல் ஒரு ஓட்டம், பிறகு வெறும் கலவை ஒரு ஓட்டம். முதலாவதிலேயே பீக் வந்தால் செப்டம், லைனர் அல்லது வாயு. இரண்டாவதில் மட்டும் வந்தால் சிரிஞ்ச் அல்லது கழுவும் குப்பி. முன் மாதிரியின் ஐசோஅமைல் அற்ககோல் அதில் ஒளிந்திருக்கும்.

கள்ளை வடிக்காமல் நேரடியாகச் செலுத்துகிறவர்களுக்கு இது தீராத நோய். லைனருக்குள் சர்க்கரை கருகும்போது பேர்பியூரலும் அசற்றல்டிகைட்டும் அங்கேயே உண்டாகும். கள்ளில் இல்லாததை நீங்களே சமைத்து அளக்கிறீர்கள். வடித்துப் போடுங்கள், அல்லது ஹெட்ஸ்பேஸ் முறைக்குப் போங்கள்: 20 மில்லிலீற்றர் குப்பியில் மாதிரியோடு உப்பு, 60 முதல் 70 பாகையில் அரைமணி. மேலே நிற்கும் ஆவி மட்டும் உள்ளே போகும், சர்க்கரை குப்பியிலேயே கிடக்கும். என் தெரிவு கள்ளுக்கு ஹெட்ஸ்பேஸ், சாராயத்துக்கு நேரடிச் செலுத்தல்.

கசிப்பு மாதிரி சோடாப் போத்தலில் வந்தால் இன்னாரென்று தெரியாத பீக்குகள் பிளாஸ்ரிக்கில் இருந்தும் வரலாம். அதே வகை வெற்றுப் போத்தலில் எதனோல் கலவையை ஓரிரவு வைத்து ஒப்பிடுங்கள்.

அடிக்கோடு நடுங்குகிறது

மாரியில் வந்தால் காற்று அமுக்கியில் நீர். தாங்கியின் அடி வால்வைத் திறந்து வடியுங்கள், சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் காயவைத்துப் போடுங்கள். சோழகம் வீசும் மாதங்களில் வந்தால் தூசி; உணரியின் வாயையும் சேகரிப்பானையும் துடைக்கவேண்டும். ஓவன் ஏற ஏற அடிக்கோடும் ஏறினால் கொலம் உதிர்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் காரணம் மேலே இருக்கிறது.

1-புரொப்பனோலைக் காணவில்லை, ஐசோஅமைல் ஒற்றைப் பீக்காக வருகிறது

எதனோலின் வால் நீண்டு 1-புரொப்பனோலை மூடியிருக்கும். செலுத்தும் அளவைக் குறையுங்கள். அப்படியும் வால் நீண்டால் கொலத்தின் தலைப்பக்கத்தில் 20, 30 சென்ரிமீற்றர் வெட்டிவிடுங்கள், ஆனால் லைனரை மாற்றிப் பார்த்த பிறகுதான். வெட்டிய கொலம் திரும்ப வளராது.

ஐசோஅமைல் என்று சொல்வதில் 2-மெதைல், 3-மெதைல் பியூற்றனோல் இரண்டு உண்டு. பல வாக்ஸ் கொலங்களில் இவை பிரியாது. கூட்டுத்தொகையாக எழுதுங்கள், போதும்.

வேறு ஆய்வுகூடத்தின் எண்ணோடு ஒத்துவரவில்லை

சண்டைக்குப் போகுமுன் அலகைப் பாருங்கள். ஒருவர் லீற்றருக்கு மில்லிகிராம் எழுதியிருப்பார், மற்றவர் ஒரு ஹெக்ரோலீற்றர் தூய அற்ககோலுக்குக் கிராம் எழுதியிருப்பார். மாற்றும் வழி சுலபம்: மில்லிகிராம் எண்ணைப் பத்தால் பெருக்கி அற்ககோல் சதவீதத்தால் வகுக்கவேண்டும். 40 சதவீதச் சாராயத்தில் லீற்றருக்கு 80 மில்லிகிராம் மெதனோல் என்றால் 20 கிராம். அதே 80 மில்லிகிராம் 5 சதவீதக் கள்ளில் 160 கிராம். கள்ளின் எண் பயங்கரமாகத் தெரிவதற்கு இந்த வகுத்தல் மட்டுமே காரணமாக இருக்கலாம். ஐரோப்பிய விதிகளில் வொட்காவுக்கு 10, திராட்சை வைன் சாராயத்துக்கு 200, பழச் சாராயங்களுக்குப் பொதுவாக 1,000 கிராம் என்று வரம்பு வைத்திருப்பதும் இந்த அலகில்தான். அவை வடித்த சாராயத்துக்கான வரம்புகள், கள்ளுக்கு அருகில் வைத்து ஒப்பிடக்கூடாது.

அற்ககோல் சதவீதமே பிழையென்றால் வகுத்தலும் பிழைக்கும். கள்ளுக்குள் நேரே மிதமானியை (மிதக்கும் ஆழத்தால் அற்ககோல் சதவீதம் காட்டும் கருவி) விட்டால் சர்க்கரையும் நுரையும் பொய் சொல்லும், வடிநீரில் 20 பாகையில் அளவிடுங்கள். அலகும் சதவீதமும் சரியாக இருந்தும் எண்கள் விலகினால், மூடி முத்திரையிட்ட இரண்டாவது போத்தலை எடுத்து இரு இடத்திலும் ஒரே நாளில் ஓட்டச் சொல்லுங்கள். அதற்காகவே ஒவ்வொரு மாதிரியையும் முதல் நாளே இரண்டாகப் பிரித்து, ஒன்றை உறைநிலையில் வைத்திருக்கவேண்டும். உறையும்போது விரிவதற்குப் போத்தலில் கொஞ்சம் இடம் விட்டு.